வளர்ந்தபின் அவர் எங்கே? ஆட்டிசநிலை பற்றிய மூன்று எடுத்துரைப்புகளும் ஒரு தோட்டத்து நினைவும்

முன்னுரை

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தில் தங்கியிருந்த ஆண்டுகளில், பழைய தமிழ் அச்சுநூல்களை எனக்குத் தேடித் தந்த நூலகப் பணியாளர் ஒருவர், அறிமுகமான இரண்டாம் நாளே தாம் ஆட்டிசநிலையினர் என்று தெரிவித்தார். தம்மிடம் கேட்கும் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கவேண்டும் என்பதற்காகவே அதனைக் கூறினார். அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. ஆட்டிசம் என்பது குழந்தைகளுக்கு உரியது என்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன். அக்குழந்தைகள் வளர்வார்கள், வேலைக்குச் செல்வார்கள், நரை கொள்வார்கள் என்னும் எளிய உண்மை எனக்குத் தோன்றியதே இல்லை. படித்தவை, பார்த்தவை யாவும் குழந்தைகளைப் பற்றியனவாகவே இருந்தமை இதற்கு ஒரு காரணம் எனலாம்.

அந்தச் சந்திப்பு, கேரி தீவுத் தோட்டம் ஒன்றில் நான் சிறுவனாக இருந்தபோது அறிந்த ஒரு மனிதரை நினைவிற்குக் கொண்டுவந்தது. அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன். ஆட்டிசநிலையில் உள்ளவரின் வளர்ந்த வாழ்வை எடுத்துரைப்புகள் எவ்வாறு காட்டுகின்றன, எங்கே காட்டாது விடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கென மூன்று எடுத்துரைப்புகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவை, 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ என்னும் தமிழ்த் திரைப்படம். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாங்’ என்னும் மலேசியத் திரைப்படம். லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டு முதல் எழுதிய டானல்டு என்பவரின் வரலாறு ஆகியனவாகும். மூன்றாவது ஒரு மருத்துவப் பதிவேயாயினும், கதைக்குரிய மாந்தரும் இடமும் காலமும் அதிலும் உள்ளமையால் அதனையும் எடுத்துரைப்பாகக் கொள்வதில் தவறில்லை.

பெயரில் தங்கிவிட்ட குழந்தைமை

‘தான்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ஆட்டிசம் என்னும் சொல்லை ஆக்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர். வளர்ந்த மனநோயாளர் சிலர் புறவுலகை விட்டுத் தமக்குள் ஒடுங்கும் இயல்பைக் குறிக்கவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இதனைக் கையாண்டார். 1943இல் கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் இச்சொல் வேறொரு பொருளைப் பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே அவர் அந்நிலைக்கு இட்ட பெயரில் ‘குழந்தைப்பருவ’ என்னும் அடை சேர்ந்துவிட்டது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய்வகைக் கையேட்டிலும் ‘குழந்தைப்பருவ ஆட்டிசம்’ என்றே இடம்பெற்றது. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்த அடை நீங்கியது. ஒருவர் நாற்பது வயதை அடைந்த பின்னும் அவர் நிலையைக் குழந்தையின் பெயராலேயே குறிக்கவேண்டிய காலம் ஒன்று இருந்தது என்பது இதனால் தெளிவாகும். லோர்னா விங் போன்றோர், கடுமையும் தன்மையும் பலவாறு வேறுபடும் ஒரு தொடர்ச்சியாக இதனைக் காணவேண்டும் என்று வலியுறுத்தியதன் விளைவாகவே ‘ஆட்டிச நிறமாலை’ என்னும் இன்றைய கருத்து நிலைபெற்றது.

தமிழில் ‘மதியிறுக்கம்’ என்னும் சொல் வழங்குகிறது. மதி இறுகிவிட்டது என்று பொருள்படும் இச்சொல், ஒலியும் ஒளியும் தொடுகையும் மிகையாக உள்ளே பாய்வதால் துன்புறும் ஒருவரின் அனுபவத்திற்கு நேர்மாறானது. இறுக்கம் என்பது வெளியிலிருந்து நோக்குவோர்க்குத் தெரியும் தோற்றம் மட்டுமே. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எண்வகைக் குறையுடைய பிறப்புகளைத் தொகுத்து ‘எச்சம்’ என்னும் பெயரால் சுட்டுகிறார். அவ்வரிசையில் இறுதியாக வருவன ‘மா’, ‘மருள்’ என்பன. அறிவு மயங்கியோரை விலங்கிற்கு அடுத்து வைத்து எண்ணிய மரபு நம்முடையது. அம்மரபை எண்ணும்போது, மதியைச் சுட்டும் ஒரு சொல்லைப் புதிதாக ஆக்கிக்கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஆகவே இக்கட்டுரையில் ஆட்டிசம் என்னும் வழக்குச் சொல்லே ஆளப்படுகிறது.

மலேசியச் சட்ட வழக்கிலும் இத்தகைய சிக்கல் ஒன்று உண்டு. உடற்பேறு குறைந்தோர்க்கான சட்டம் 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சமூக நலத்துறை வழங்கும் ஓ.கே.யூ. அட்டைக்கான பதிவில் ஆட்டிசநிலையினர் ‘கற்றல் சிக்கல்’ என்னும் பிரிவில் சேர்க்கப்படுகின்றனர். பள்ளிப் பருவத்தில் இப்பெயர் ஓரளவு பொருந்தலாம். ஆனால் நாற்பத்தைந்து வயதில் வேலையும் உறைவிடமும் துணையும் தேடும் ஒருவரை இன்னமும் ‘கற்றல்’ என்னும் தலைப்பின்கீழ் வைப்பது, அவரை என்றும் மாணவராகவே நிறுத்திவிடுகிறது. பெயர் செய்யும் இந்த நிறுத்தத்தையே நம் கதைகளும் செய்கின்றன என்பதை இனிக் காணலாம்.

‘ஹரிதாஸ்’: திறமை என்னும் ஈடு

1944ஆம் ஆண்டில் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்து வெளிவந்த புகழ்பெற்ற படத்தின் பெயரையே கொண்டது ஜி. என். ஆர். குமாரவேலன் இயக்கிய ‘ஹரிதாஸ்’. பெயரைத் தவிர இரண்டிற்கும் தொடர்பில்லை. தாயை இழந்த ஆட்டிசநிலைச் சிறுவன் ஹரி. அவன் தந்தை சிவதாஸ், குற்றவாளிகளைச் சுட்டு வீழ்த்துவதில் பெயர்பெற்ற காவல்துறை அதிகாரி. ஹரிமீது பரிவுகொள்ளும் ஆசிரியை அமுதவல்லி. இம்மூவரைச் சுற்றியே கதை அமைகிறது. மகனை அறியாத தந்தை மகனை அறிந்துகொள்ளும் பயணமாகப் படம் விரிகிறது.

ஆட்டிசம் என்னும் சொல்லை மருத்துவரின் வாயிலாக வெளிப்படையாக உச்சரித்து, அது நோயன்று என விளக்கி, அச்சிறுவனை நகைப்பிற்குரியவனாக ஆக்காமல் காத்தது இப்படத்தின் சிறப்பாகும். சிறுவனாக நடித்த பிருத்விராஜ் தாஸின் நடிப்பும், தந்தையாக நடித்த கிஷோரின் அடக்கமும் இன்றும் பாராட்டத்தக்கன. வகுப்பறையில் ஹரி அமரும் காட்சிகளில், பிற பெற்றோரும் பிள்ளைகளும் கொள்ளும் மனக்கலக்கத்தையும் படம் மறைக்கவில்லை.

எனினும் கதையின் அச்சு ஓர் ஓட்டப்பந்தயத்தில் சுழல்கிறது. மகனிடம் ஓடும் ஆற்றல் உண்டு என்று தந்தை கண்டுகொள்கிறார், பயிற்சி நடக்கிறது, வெற்றியை நோக்கிக் கதை விரைகிறது. இவ்வமைப்பை ‘திறமை என்னும் ஈடு’ என்று குறிப்பிடலாம். குறை என்று கருதப்படும் ஒன்றுக்கு ஈடாக வியத்தகு ஆற்றல் ஒன்றைக் காட்டினால்தான் அம்மனிதரை ஏற்போம் என்று அவையோர் கேட்பதுபோலவும், கதை அந்த ஈட்டை எடுத்து வைப்பதுபோலவும் இது அமைந்துவிடுகிறது. 1988இல் வெளிவந்த ‘ரெயின் மேன்’ என்னும் அமெரிக்கப் படம் இவ்வாய்பாட்டை உலகெங்கும் பரப்பியது. அப்படத்தின் நாயகனுக்குத் தூண்டுகோலாக அமைந்த கிம் பீக் என்னும் நினைவாற்றல் வல்லுநர் ஆட்டிசநிலையினர் அல்லர் எனப் பின்னர்க் கருதப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

பந்தயத்திற்கு மறுநாள் ஹரி என்ன செய்வான்? இருபத்தெட்டு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமையை எவ்வாறு கழிப்பான்? யார் அவனுக்குச் சோறிடுவார்? அவன் யாருக்குச் சோறிடுவான்? இக்கேள்விகள் படத்தின் அக்கறைக்குள் வருவதில்லை. இதனைக் ‘ஹரிதாஸ்’ ஒன்றன் குறை என்று மட்டும் கொள்ளுதல் முறையாகாது. தமிழில் இப்பொருள் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்னும் நூல் பெற்றோரின் அச்சத்தை நோக்கிப் பேசுவது. அவருடைய ‘துலக்கம்’ என்னும் புதினம் ஆட்டிசநிலையைத் தமிழ்ப் புனைவின் மையத்திற்குக் கொண்டுவந்தது. இவை செய்த பணி பெரிது. அப்பணியின் தொடர்ச்சியாக, பிள்ளையை நோக்கும் பெற்றோரின் கண்ணிலிருந்து, வளர்ந்தவரின் கண்ணுக்கு எழுத்து நகரவேண்டிய நிலை இப்போது வந்துள்ளது.

‘குவாங்’: கண்ணாடிக் கலன்களும் நேர்முகத் தேர்வும்

அத்தகைய நகர்வு நம் நாட்டிலேயே, கோலாலம்பூரிலேயே, வேறொரு மொழியில் நிகழ்ந்துவிட்டது. குவெக் ஷியோ சுவான் இயக்கிய ‘குவாங்’ 2018ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியத் திரையரங்குகளுக்கு வந்தது. ‘குவாங்’ என்னும் சீனச் சொல்லுக்கு ஒளி என்பது பொருள். இயக்குநர் தம் சொந்த அண்ணனின் வாழ்வைத் தழுவி 2011இல் எடுத்த குறும்படமே இம்முழுநீளப் படத்திற்கு வித்தாயிற்று.

கதை எளியது. ஆட்டிசநிலையினரான குவாங் இளைஞர். அவரும் தம்பியும் கோலாலம்பூரில் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். அண்ணனுக்கு ஒரு வேலை கிடைக்கவேண்டும் என்பதே தம்பியின் ஓயாத முயற்சி. குவாங்கின் மனமோ வேறிடத்தில் உள்ளது. அவர் கண்ணாடிக் கலன்களைத் தேடி அலைகிறார். ஒவ்வொன்றையும் தட்டி அதன் ஓசையைக் கேட்கிறார். தமக்கு வேண்டிய சுருதி அதில் இல்லையெனில் அடுத்ததை நாடுகிறார். இத்தேடலின் நோக்கம் தம்பிக்குத் தெரியாது. தெரியாமையிலிருந்தே மோதல் முற்றுகிறது.

இங்கும் இசை என்னும் திறமை உள்ளதே, இதுவும் ஈடுதானே என்னும் ஐயம் எழலாம். ஐயம் நியாயமானதே. படத்தின் முடிவு அவ்வாய்பாட்டிலிருந்து முற்றிலும் விலகிவிட்டது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் இரண்டு கூறுகள் இதனைத் தனித்து நிறுத்துகின்றன. முதலாவது, குவாங்கின் தேடல் பிறர் பார்த்துக் கைதட்டுவதற்கு உரியதன்று; தமக்கென்று தாமே வகுத்துக்கொண்ட ஒரு பணி அது. ஹரியின் ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் தந்தை. குவாங்கின் ஓசையைக் கண்டுபிடித்தவர் குவாங். வளர்ந்த மனிதர் என்பதற்கு இலக்கணம் வேண்டுமாயின் இதனைக் கூறலாம்: தம் நாளைத் தாமே நிரப்பிக்கொள்ளும் நோக்கம் ஒன்றை உடையவர்.

இரண்டாவது, வேலை தேடும் காட்சிகள். மேசைக்கு அப்பால் இருப்பவர் கண்ணை நோக்கிப் பேசுதல், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்னும் எல்லையற்ற கேள்விக்கு அளவோடு விடையிறுத்தல் முதலானவற்றையே நேர்முகத் தேர்வு என்னும் சடங்கு அளக்கிறது. வேலையைச் செய்யும் திறன் அங்கே அளக்கப்படுவதில்லை. தாமும் ஆட்டிசநிலையினரான பிரித்தானிய ஆய்வாளர் டேமியன் மில்ட்டன் 2012இல் முன்வைத்த ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்னும் கோட்பாடு இங்கே பயன்படும். ஆட்டிசநிலையினர் பிறரைப் புரிந்துகொள்ள இயலாதவர் என்பது பழைய கருத்து. புரியாமை இருபுறமும் உள்ளது, பிறரும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை, ஆனால் பழி ஒருபுறமே சுமத்தப்படுகிறது என்பது மில்ட்டனின் வாதம். ‘குவாங்’ படத்தின் உண்மையான துயரம் அண்ணனிடம் இல்லை. அண்ணன்மீது அன்பு மிகுந்தும் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்கத் தெரியாத தம்பியிடமே உள்ளது.

தம்பியின் களைப்பை மறைக்காமல் காட்டியமையும் பாராட்டிற்குரியது. பெற்றோருக்குப் பின் யார் என்னும் கேள்விக்கு நம் குடும்பங்களில் சொல்லப்படாத விடை, உடன்பிறந்தார் என்பதே. பெரும்பாலும் அது தங்கை அல்லது தமக்கை. அவர்களின் திருமணம், வேலை, வெளியூர்ப் பயணம் யாவும் இவ்விடையைச் சுற்றியே முடிவாகின்றன. இதனை எழுதிய தமிழ்ப் புனைவு நம் நாட்டில் இன்னும் என் கண்ணில் படவில்லை.

டானல்டு: கிணறும் சோளக் கொல்லையும்

கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதலாவதாக வரும் சிறுவன் டானல்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்தவர். கானரைப் பார்ப்பதற்கு முன் அவர் தந்தை மகனைப் பற்றி 33 பக்கங்களில் ஒரு கடிதம் எழுதினார். ஆட்டிசம் பற்றிய முதல் மருத்துவ வரலாறு ஒரு தந்தையின் கடிதத்தை ஆதாரமாகக் கொண்டது என்பது இலக்கிய மாணவர்க்குப் பெரிதும் பயன்படும் செய்தியாகும். பெற்றோரே கதைசொல்லி என்னும் மரபு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மூன்று வயதில் டானல்டைப் பெற்றோர் ஓர் இல்லத்தில் விட்டனர். ஏறத்தாழ ஓராண்டிற்குப் பின் திரும்ப அழைத்துக்கொண்டனர். 1942இல் ஊரிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஒரு பண்ணையில் உழவர் இணையர் ஒருவரிடம் அவர் தங்கவைக்கப்பட்டார். 1945இல் அங்கே சென்ற கானர் கண்டு எழுதியவை இன்றும் வியப்பூட்டுகின்றன. சிறுவனுக்கு அளப்பதிலும் எண்ணுவதிலும் தீராத பற்று. அதனை அவ்வுழவர் தடுக்கவில்லை. கிணறு தோண்டும் வேலையைக் கொடுத்து அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தார். சோள வரிசைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருந்தபோது, ஏர் உழுதுகொண்டே எண்ணும்படி விட்டார். எண்ணும் பழக்கம் அவ்வாறு உழைப்பாக மாறியது.

டானல்டு கல்லூரிப் பட்டம் பெற்றார், ஊர் வங்கியில் பணியாற்றினார், கோல்ஃப் ஆடினார், கார் ஓட்டினார், தனியே உலகின் பல பகுதிகளுக்குச் சென்றுவந்தார். பெற்றோர் மறைந்தபின்னும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதே வீட்டில் வாழ்ந்து, 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் 89 வயதில் காலமானார். ஜான் டோன்வன், கேரன் சக்கர் என்னும் செய்தியாளர் இருவர் 2010இல் அவரைத் தேடி அவ்வூருக்குச் சென்றபோது, அவர் மனம் நோகும்படி எதுவும் செய்யலாகாது என்று ஊரார் சிலர் அவர்களை எச்சரித்தனராம். தம் 11 குழந்தைகளின் பிற்கால வாழ்வைக் கானர் 1971இல் மீண்டும் ஆராய்ந்தார். அரசு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டோர் தம் சிறுவயது ஆற்றல்களையும் இழந்து ஒடுங்கிவிட்டதை வருத்தத்துடன் பதிவுசெய்தார். ஒரே பட்டியலில் தொடங்கிய வாழ்வுகள் இடத்தால் பிரிந்தன.

எனினும் இவ்வரலாற்றை இனிய கதையாக மட்டும் படிப்பது பிழையாகும். அவ்வூர் வங்கி டானல்டின் தாய்வழிக் குடும்பத்தினுடையது. தந்தை வழக்கறிஞர். நிறப்பாகுபாடு கோலோச்சிய மிசிசிப்பியில் அவர் வெள்ளையர். அதே காலத்தில் அதே ஊரில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் அவ்வாறே எண்களைச் சொல்லித் திரிந்திருந்தால் எவரும் பால்டிமோருக்கு 33 பக்கக் கடிதம் எழுதியிருக்கமாட்டார்கள். ஊர் தாங்கும் என்பது உண்மை. யாரைத் தாங்கும் என்பதும் கேட்கப்பட வேண்டியதே.

கேரி தீவு: ஒரு நினைவு

லங்காட் ஆறும் மலாக்கா நீரிணையும் சூழ்ந்த கேரி தீவு கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் நிலம். வரப்புக் கட்டிக் கடலைத் தடுத்து, நீர்க்கதவுகள் வைத்துப் பயிரிட்ட மண் அது. அவ்வாற்றின் கரையை அ. ரெங்கசாமி தம் ‘லங்காட் நதிக்கரை’ என்னும் புதினத்தில் அவசரகாலப் பின்னணியில் எழுதியுள்ளார். நான் அறிந்த காலத்தில் தீவு முழுதும் செம்பனையாக இருந்தது.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் தாயோடு ஒருவர் வாழ்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கலாம். ஊரார் அவருக்கு இட்டிருந்த பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. பெரட்டு மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து மண்சாலையின் ஒரே ஓரமாக நடப்பார். தோட்டத்து லாரிகள், டிராக்டர்கள், மோட்டார் சைக்கிள்கள் யாவற்றின் எண்களும் அவருக்கு மனப்பாடம். நீர்க்கதவு எப்போது திறக்கும் என்பதை அவரிடமே கேட்பார்கள். குலை வெட்டியபின் மரத்தடியில் சிதறும் உதிரிப் பழம் பொறுக்குவது அவர் வேலை. ஒன்றுவிடாமல் பொறுக்குவார், புல்லுக்குள் மறைந்ததையும் விடமாட்டார். மற்றவர் நான்கு மரம் முடிக்கையில் அவர் இரண்டு முடிப்பார். கங்காணி ஒருவர், பழம் வீணாகிறது என்று மேலிடம் கடிந்துகொள்ளும் நிரைகளுக்கு அவரை அனுப்பிவிடுவார். மிசிசிப்பி உழவர் சோளக் கொல்லையில் செய்ததை, கானரின் பெயரைக் கேட்டிராத அந்தக் கங்காணி செம்பனைத் தோப்பில் செய்தார்.

அம்மனிதருக்கு ஆட்டிசம் இருந்தது என்று கூற எனக்குத் தகுதியில்லை. அவரை எந்த மருத்துவரும் ஆராய்ந்ததில்லை. இறந்த காலத்தின்மீது இன்றைய பெயர்களை ஒட்டுவது திறனாய்வாளன் செய்யத்தக்க பணியுமன்று. அவர் வாழ்ந்த முறை மட்டுமே இங்குக் கருதத்தக்கது.

தோட்டம் அவரைத் தாங்கியது என்று இத்துடன் முடித்தால் அது பொய்யாகிவிடும். திருவிழாவில் உறுமி முழங்கும்போது அவர் கோயிலுக்குள் வரமாட்டார். கால்வாய்க்கு அப்பால் நின்று கைகூப்புவார். ஓசை அவருக்கு வலித்தது. அதனை அறிந்துகொண்ட சிறுவர்கள், பால்மாவுத் தகரத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டு அவர்பின் செல்வார்கள். காதுகளைப் பொத்திக்கொண்டு அவர் ஓடுவதைக் கண்டு சிரித்த அச்சிறுவர்களில் நானும் ஒருவன். அவர் தாய் எங்களை அடித்ததில்லை. ‘வேணாம்யா’ என்று மட்டும் சொல்வார். ‘குவாங்’ படத்தில் கண்ணாடியைத் தட்டும் ஓசையைக் கேட்டபோது எனக்கு நினைவில் வந்தது அந்தத் தகரமே.

நான் இடைநிலைப்பள்ளியில் இருந்தபோது அவர்கள் தோட்டத்தை விட்டுக் கிள்ளானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்றனர். தங்கையின் வீடு அது. ஆய்வை முடித்து நாடு திரும்பிய ஆண்டில் அங்குச் சென்று பார்த்தேன். தாய் மறைந்திருந்தார். அவர் ஐந்தாம் மாடி நடைவழியில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, துறைமுகத்திற்குச் செல்லும் கொள்கலன் லாரிகளின் எண்களைப் படித்துக்கொண்டிருந்தார். கீழே இறங்க அனுமதியில்லை. பழக்கமான நேரத்தில் பழக்கமான ஓரமாக நடந்தவரை அந்த வட்டாரத்தில் எவருக்கும் தெரியவில்லை. இரவில் வாகன எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றவரைத் திருடன் என்று எண்ணி அடித்துவிட்டார்கள் என்றார் தங்கை. அவர் என் முகத்தை நோக்கவில்லை. சற்று நேரம் கழித்து ஓர் எண்ணைச் சொன்னார். அது இருபது ஆண்டுகளுக்கு முன் என் தந்தை வைத்திருந்த மோட்டார் சைக்கிளின் எண்.

அவர் ஆற்றல் எதுவும் குறைந்துவிடவில்லை. அவரை அறிந்த சாலை ஒன்றே இல்லாமற் போயிற்று. தோட்டங்களிலிருந்து நகர்ப்புறத்திற்கு நம் மக்கள் பெயர்ந்த வரலாற்றைக் கூலி, வீடு, பள்ளி, கோயில் ஆகியவற்றின் இழப்பாக எழுதியுள்ளோம். இத்தகைய மனிதர்க்கு நேர்ந்த இழப்பை இன்னும் எழுதவில்லை.

நகரம் மாறக்கூடியதே

நகரம் இயல்பாகவே கொடியது என்று கொள்ளவும் இடமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் இதற்குச் சான்றாகும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தோன்றி அங்கு நிலைகொண்டது. பார்வையற்றோர் அங்கே தொழில் கற்றனர், உடல்பிடிக்கும் நிலையங்கள் நடத்தினர், தெருவிலே நடந்தனர். காலப்போக்கில் நடைபாதையில் காலால் உணரத்தக்க மஞ்சள் கோடுகள் பதிக்கப்பட்டன. கடைக்காரரும் சாலையைக் கடப்போரும் வெள்ளைக் கோலைக் கண்டால் வழிவிடப் பழகினர். வளர்ந்த பார்வையற்றோர் நாள்தோறும் கண்முன் நடந்தமையால் தெரு அவர்களைக் கற்றுக்கொண்டது.

ஆட்டிசநிலையினர்க்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. பெற்றோரும் வல்லுநரும் சேர்ந்து 1986இல் மலேசியத் தேசிய ஆட்டிசச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் சிறப்புக் கல்வி வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆனால் பதினெட்டு வயதிற்குப் பின் வகுப்பறைக் கதவு மூடியதும் தொடங்கும் நீண்ட காலத்திற்கான மஞ்சள் கோடு எது? கேள்விகளை எழுத்தில் தரும் நேர்முகத் தேர்வா? ஒலிபெருக்கி இல்லாத ஒரு மணிநேரக் கோயில் வழிபாடா? தம் கட்டடத்தில் வாழும் ஒருவரை அறிந்துவைத்திருக்கும் குடியிருப்புக் காவலரா? இவற்றை முடிவுசெய்ய வேண்டியவர்கள் வேறு துறையினர். இவற்றை எண்ணிப் பார்க்க வைப்பதே புனைவின் பணி.

முடிவுரை

மூன்று எடுத்துரைப்புகளையும் ஒருங்கே நோக்கும்போது சில முடிபுகள் கிட்டுகின்றன. ‘ஹரிதாஸ்’ ஆட்டிசநிலைக் குழந்தைக்குத் தமிழ்த்திரையில் மதிப்பைப் பெற்றுத்தந்தது. அம்மதிப்பிற்கு ஈடாக ஒரு வெற்றியையும் கேட்டது. ‘குவாங்’ வளர்ந்த மனிதரை நடுவில் நிறுத்தி, அவருக்கென ஒரு நோக்கத்தையும் உடன்பிறந்தாரின் களைப்பையும் காட்டியது. டானல்டின் வரலாறு, தனிமனித ஆற்றலைவிட அவர் வாழும் இடத்தின் பழக்கமே வாழ்வை அமைக்கிறது என்பதையும், அப்பழக்கத்திற்குள்ளும் வர்க்கமும் இனமும் உண்டு என்பதையும் உணர்த்தியது.

மலேசியத் தமிழ்ப் புனைவில், தோட்டப்புறக் கதைகளின் ஓரத்தில், ‘ஒரு மாதிரி’யான மனிதர் ஒருவர் அவ்வப்போது வந்து செல்வதை வாசகர் அறிவர். சிரிப்பிற்காகவோ இரக்கத்திற்காகவோ ஒரு பத்தியில் தோன்றி மறைவார். அவரைக் கதையின் நடுவிற்கு அழைத்துவர வேண்டிய காலம் இது. அவருக்கு வியத்தகு ஆற்றல் ஒன்றும் வேண்டியதில்லை. விடியலில் அவர் எழுவதையும், எந்த ஓசை அவருக்கு வலிக்கிறது என்பதையும், எந்தச் சாலையோரம் அவருக்கு உரியது என்பதையும், யார் அவரை அறிந்திருக்கிறார் என்பதையும் எழுதினால் போதும். தகரம் தட்டிய சிறுவர்கள் வளர்ந்து இன்று ஆசிரியராகவும் அலுவலராகவும் எழுத்தாளராகவும் இருக்கின்றனர். அக்கதையை எழுதும் கடமை பிறரைக் காட்டிலும் எங்களுக்கே உரியது.